ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு எழுதும் கடிதமும் அவரது பதிலும்

தனிப்பட்ட கடிதங்களுள், எளிதென்று கருதி மாணவர் பலர் தெரிவுசெய்து, பின்னர் எழுத எதுவுமின்றித் தடுமாறும் வகை ஒன்று உண்டு. தமக்கு முன்னர் கற்பித்த ஆசிரியருக்கு எழுதும் கடிதமே அதுவாகும். "தரம் 3 இல் உமக்குக் கற்பித்த ஆசிரியை ஓய்வுபெற்றுள்ளார் என அறிகிறீர். அவருக்கு நன்றி தெரிவித்துக் கடிதம் ஒன்று எழுதுக" என்பது போன்றதொரு வினாவை எண்ணிப் பாருங்கள். முகவரி, திகதி, விளி, முடிப்பு, கையொப்பம் என்பவற்றை ஏறத்தாழ எல்லா மாணவரும் மனனஞ் செய்து வைத்திருப்பர். ஆகவே அமைப்பில் பிழை குறைவு. புள்ளிகள் நழுவுவது உடற்பகுதியிலேயாகும்.

ஒரு வகுப்பின் பயிற்சிக் கொப்பிகளை ஒன்றாகச் சேர்த்துத் திருத்தும்போது இது நன்கு புலப்படும். மாணவர் மாறுவர், கடிதத்தில் வரும் ஆசிரியை மாறுவதில்லை. எல்லாக் கடிதங்களிலும் அவர் ஏணியாக நிற்பார், மெழுகுவர்த்தியாக உருகுவார், கலங்கரை விளக்காக ஒளி வீசுவார். எழுத்தறிவித்தவரை இறைவனுக்கு ஒப்பிடும் பழைய தொடரும் தவறாது வந்து சேரும். இவை பிழையான சொற்கள் அல்ல. ஆயினும் கடித உறையில் உள்ள முகவரியை மாற்றி வேறோர் ஆசிரியைக்கு அனுப்பினாலும் அக்கடிதம் அப்படியே பொருந்தும் என்றால், அது ஒருவருக்கும் எழுதப்படாத கடிதம் என்றே கொள்ள வேண்டும். உங்கள் கடிதத்தை எழுதி முடித்ததும் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள்.

அப்படியாயின் என்ன எழுதுவது? இதற்கு விதிகளைக் கூறுவதைவிட, உண்மையாக எழுதப்பட்ட இரு கடிதங்களை நோக்குவது பயன் தரும்.

காம்யுவும் அவருடைய ஆசிரியரும்

அல்பேர் காம்யு பிரெஞ்சு மொழியில் எழுதிய புகழ்பெற்ற எழுத்தாளர். 1913 ஆம் ஆண்டு, அப்போது பிரான்சின் ஆட்சியிலிருந்த அல்ஜீரியாவில் பிறந்தார். அவருக்கு ஒரு வயது நிறையுமுன்னரே தந்தையார் முதலாம் உலகப் போரில் காயமுற்று இறந்தார். தாயார் செவிப்புலன் குறைந்தவர். எழுத வாசிக்கத் தெரியாதவர். வீடுகளைத் துப்புரவு செய்து பிள்ளைகள் இருவரையும் வளர்த்தார். அல்ஜியர்ஸ் நகரின் தொழிலாளர் குடியிருப்பொன்றில் பாட்டியாருடன் அக்குடும்பம் வாழ்ந்தது. வீட்டில் பாட்டியார் சொன்னதே சட்டம். மூத்தவனைப் போல இளையவனும் ஆரம்பப் பாடசாலையுடன் படிப்பை நிறுத்தி வேலைக்குப் போகவேண்டும் என்பது அவரது முடிவு.

அதனை மாற்றியவர் லூயி ஜெர்மேன் என்னும் ஆரம்பப் பாடசாலை ஆசிரியர். நம் நாட்டில் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை இருப்பதைப் போல அங்கும் இடைநிலைப் பாடசாலையிற் சேர்வதற்குப் புலமைப்பரிசில் பரீட்சை ஒன்று இருந்தது. ஜெர்மேன் வீட்டாரை இணங்கச் செய்து, பாடசாலை நேரத்துக்குப் புறம்பாகக் கட்டணமின்றிப் பாடஞ் சொல்லிக் கொடுத்து, அச்சிறுவனை அதற்குத் தயார்செய்தார். 1924 இல் காம்யு சித்தியடைந்து இடைநிலைப் பாடசாலையிற் சேர்ந்தார். (கட்டணமின்றி மேலதிக வகுப்பு என்பதை வாசித்து இக்காலத்து மாணவர் சிலர் நகைக்கக்கூடும். அது வேறு விடயம்.)

33 ஆண்டுகள் கழிந்தன. 1957 ஒக்டோபரில் காம்யுவுக்கு இலக்கியத்துக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 19 ஆம் திகதி அவர் தம் பழைய ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினார். அப்போது ஆசிரியருக்கு வயது எழுபதைக் கடந்திருந்தது.

அக்கடிதம் மிகச் சிறியது. பரிசு பற்றிய ஆரவாரம் சற்று ஓயட்டும் எனக் காத்திருந்து எழுதுவதாகக் காம்யு தொடங்குகிறார். தாம் தேடிச் செல்லாத பெரிய கௌரவம் ஒன்று தமக்குக் கிடைத்துள்ளதென்றும், செய்தியை அறிந்தவுடன் தாயாருக்கு அடுத்ததாகத் தம் நினைவில் வந்தவர் ஆசிரியரே என்றும் கூறுகிறார். ஏழைச் சிறுவனாக இருந்த தமக்கு அவர் நீட்டிய கை இல்லாதிருந்தால் இவை எவையும் நிகழ்ந்திரா என்கிறார். இத்தகைய கௌரவங்களைத் தாம் பெரிதாக எண்ணுவதில்லை என்றும், நன்றி சொல்வதற்கு இது ஒரு வாய்ப்பாக அமைந்தது என்றும் எழுதி முடிக்கிறார்.

இங்கே மாணவர்கள் அவதானிக்க வேண்டியவை சில உள. முதலாவது, பரிசு பெற்றவர் பரிசைப் பற்றி அதிகம் பேசவில்லை. பரிசு கடிதம் எழுதக் கிடைத்த காரணம் மாத்திரமே. நம் மாணவர் கடிதங்களில் இது பெரும்பாலும் தலைகீழாக நிகழ்கிறது. நன்றிக் கடிதம் என்று தொடங்கித் தாம் பெற்ற பெறுபேறுகள், வென்ற கிண்ணங்கள், வகித்த பதவிகள் என்று அரைப் பக்கம் செல்லும். ஆசிரியை இறுதி இரு வரிகளில் எட்டிப் பார்ப்பார். இரண்டாவது, "தாயாருக்கு அடுத்ததாக" என்ற சிறு குறிப்பு. உலகில் எல்லோரையும்விடத் தாங்களே பெரியவர் என்று எழுதியிருந்தால் அது முகமன் ஆகியிருக்கும். தாய்க்கு உரிய இடத்தைத் தாய்க்கே வைத்துவிட்டு அடுத்த இடத்தை ஆசிரியருக்குத் தரும்போது அச்சொல்லை நம்ப முடிகிறது. அத்துடன், அந்தத் தாயாரால் எந்தக் கடிதத்தையும் தாமாக வாசிக்க முடியாது. எழுத்தின் மூலம் நன்றி சொல்லக்கூடிய ஒருவராக ஆசிரியரே இருந்தார் என்பதையும் சேர்த்து நினைத்தால் அக்கடிதத்தின் கனம் விளங்கும்.

காம்யு இத்துடன் நிற்கவில்லை. நோபல் பரிசு விழாவையொட்டி ஆற்றிய உரைகளை 1958 இல் நூலாக வெளியிட்டபோது அதனை ஜெர்மேனுக்கே காணிக்கையாக்கினார்.

ஆசிரியர் என்ன எழுதினார்?

இவ்விரு கடிதங்களையும் சேர்த்து வாசிப்பவர்கள், ஜெர்மேனின் கடிதத்தை நோபல் பரிசுக் கடிதத்துக்கு உடனே வந்த பதில் எனக் கருதுவதுண்டு. அது அவ்வாறன்று. காம்யுவைப் பற்றி வேறொருவர் எழுதிய நூலொன்று காம்யுவின் கையாலேயே முகவரியிடப்பட்டு ஆசிரியருக்கு வந்து சேர்ந்தது. அது கிடைத்ததும் 1959 ஏப்பிரல் 30 ஆம் திகதி அவர் எழுதிய நீண்ட கடிதமே அது. உள்ளடக்கத்தில் அது பதிலாகவே அமைந்துள்ளது எனலாம்.

உலகப் புகழ்பெற்ற, 45 வயதான ஒருவரை ஜெர்மேன் அக்கடிதத்தில் சிறு பிள்ளையை விளிப்பது போலவே அன்புடன் விளிக்கிறார். தமிழில் "நீங்கள்", "நீ" என்று இருப்பதைப் போலப் பிரெஞ்சு மொழியிலும் மரியாதைக்கு ஒரு சொல்லும் நெருக்கத்துக்கு ஒரு சொல்லும் உண்டு. மாணவர் ஆசிரியருக்கு மரியாதைச் சொல்லில் எழுதுகிறார். ஆசிரியர் மாணவருக்கு நெருக்கச் சொல்லில் எழுதுகிறார். நோபல் பரிசு இந்த முறையை மாற்றவில்லை.

அவர் மாணவரைப் புகழ்வதோடு அமையவில்லை. தம் நினைவிலுள்ள சிறுவனை அவருக்கே எடுத்துக் காட்டுகிறார். கடமையுணர்வுள்ள ஆசிரியருக்கு ஒரு விடை, ஓர் அசைவு, இருக்கும் நிலை ஆகியவையே பிள்ளையை அறியப் போதும் என்கிறார். வகுப்பில் இருப்பதில் அச்சிறுவனுக்கிருந்த மகிழ்ச்சி எல்லா வகையிலும் வெளிப்பட்டது என்கிறார். அடுத்து ஓர் உண்மையைக் கூறுகிறார். சிறுவனின் முகத்தைப் பார்த்து அக்குடும்பத்தின் நிலையைத் தாம் அறிந்துகொள்ளவே இல்லையாம். புலமைப்பரிசில் விண்ணப்பம் பற்றிப் பேசத் தாயார் வந்தபோதுதான் அது சிறிது தெரிந்ததாம். சகோதரர் இருவரும் எப்போதும் நன்றாக உடுத்தியே வருவார்களாம்.

தம்மை ஏழைச் சிறுவனாக நினைத்து மாணவர் எழுதினார். ஆசிரியரோ ஏழைமை கண்ணிற்படாத ஒரு பிள்ளையையே கண்டிருந்தார். இதை மாணவர் வேறு எவரிடமிருந்தும் அறிந்திருக்க முடியாது. பழைய ஆசிரியர் ஒருவரின் பதிற் கடிதத்தின் பெறுமதி இதிலேதான் இருக்கிறது: நம்மைப் பற்றி நாம் அறியாத ஒன்று அவரிடம் இருக்கிறது.

கடிதத்தின் பிற்பகுதியில் ஜெர்மேன் அன்றைய பாடசாலைகளைப் பற்றிய தம் கவலையையும் எழுதுகிறார். பிள்ளை தன் உண்மையைத் தானே தேடும் உரிமையை ஆசிரியர் மதிக்க வேண்டும் என்பதும், தம் சேவைக்காலம் முழுவதும் அதைப் பேணினார் என்பதும் அதன் சாரம். ஓய்வுபெற்றவருக்கும் தொழில் பற்றிய சிந்தனை ஓய்வதில்லை.

1960 ஜனவரி 4 ஆம் திகதி காம்யு வாகன விபத்தொன்றில் இறந்தார். அவருடன் இருந்த பையில் முற்றுப்பெறாத நாவல் ஒன்றின் கையெழுத்துப் பிரதி இருந்தது. அவருடைய சிறுபராயத்தையும் இந்த ஆசிரியரையும் தழுவிய அந்நாவல் 1994 இல் வெளியானது. "முதல் மனிதன்" எனப் பொருள்படும் பெயருடைய அந்நூலின் பின்னிணைப்பாக மேற்கூறிய இரு கடிதங்களும் அச்சிடப்பட்டுள்ளன.

பரீட்சைக்கு எழுதும்போது

நாம் நோபல் பரிசு பெற்றவர்கள் அல்லர். ஆயினும் ஒவ்வொரு மாணவரிடமும் ஆசிரியையுடன் தொடர்புபட்ட ஒரு சம்பவம் இருக்கும். பெரிய சம்பவமாக இருக்கவேண்டியதில்லை. ஒன்றே போதும், ஆனால் அதனை முழுமையாகச் சொல்ல வேண்டும். ஐந்து சம்பவங்களை ஐந்து வரிகளில் தொட்டுச் செல்வதைவிட இது மேலானது.

விளியில் "மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்கட்கு" அல்லது "அன்பும் மதிப்பும் நிறைந்த ஆசிரியை அவர்கட்கு" என எழுதுக. நாம் பேச்சில் "ரீச்சர்" என்றே அழைக்கிறோம். எனினும் விளியில் எழுத்து வழக்கையே கையாள்க. ஒருவர் பேசியதை மேற்கோட் குறிக்குள் அப்படியே தரும் இடத்தில் "ரீச்சர்" வருவதில் தவறில்லை. சிலபோது அது கடிதத்துக்கு உயிரூட்டும். "தாங்கள்" என்று தொடங்கினால் இறுதிவரை "தாங்கள்" என்றே எழுதுக. இடையில் "நீங்கள்" என்று மாறுவதும், "தாங்கள் சொன்னார்" என்று பயனிலை பிழைப்பதும் அடிக்கடி காணப்படும் தவறுகள். "தாங்கள் சொன்னீர்கள்" என்பதே சரி. ஆசிரியையைப் படர்க்கையில் குறிப்பிடும்போது "வந்தார்", "கூறினார்" என எழுத வேண்டும். "நீர்" என்பது வினாத்தாள் உங்களை விளிக்கும் சொல். அதனை ஆசிரியைக்குத் திருப்பி எழுதிவிட வேண்டாம்.

வினாவில் பெயரும் முகவரியும் தரப்பட்டிருப்பின் அவற்றையே பயன்படுத்துக. உங்கள் சொந்தப் பெயரையோ பாடசாலையின் பெயரையோ எழுதலாகாது.

மேலே கூறிய வினாவுக்கு மாதிரிக் கடிதமொன்று கீழே தரப்படுகிறது. இதனை மனனஞ் செய்ய வேண்டாம்.

மாதிரிக் கடிதம்

(வினாவில் தரப்பட்ட முகவரி)
12.03.2025

மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்கட்கு,

தாங்கள் சென்ற மாதம் ஓய்வுபெற்றுவிட்டதாக அம்மா சந்தையில் கேள்விப்பட்டு வந்து சொன்னார். அன்றிரவே எழுத நினைத்தேன். தவணைப் பரீட்சை முடியட்டும் என்று இருந்துவிட்டேன்.

தரம் 3 இல் யன்னலோரம் இரண்டாம் வாங்கில் இருந்த என்னைத் தங்களுக்கு நினைவிருக்குமோ தெரியாது. கரும்பலகையில் உள்ளதை எழுதாமல் பக்கத்துக் கொப்பியைப் பார்த்து எழுதும் பிள்ளை என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அது பொய்யுமல்ல. நான் பார்த்துத்தான் எழுதினேன். எல்லோருக்கும் கரும்பலகை வெள்ளைப் புகை போலத்தான் தெரியும், மற்றவர்கள் எப்படியோ கெட்டித்தனமாக அதை வாசித்துவிடுகிறார்கள் என்று நான் எண்ணியிருந்தேன்.

ஒருநாள் தாங்கள் என்னை அழைத்து, கரும்பலகையிலிருந்து ஒவ்வோர் அடியாகப் பின்னே போகச் சொன்னீர்கள். நான்காவது அடியில் எனக்கு எழுத்துகள் மறைந்தன. அன்று தாங்கள் ஒன்றும் பேசவில்லை. ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி அம்மாவிடம் கொடுக்கச் சொன்னீர்கள். அம்மா ஒரு நாட் கூலியை விட்டுவிட்டு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் சென்றார். கண்ணாடி கிடைத்த நாளில், பஸ் வந்து நிற்பதற்கு முன்னரே அதன் பெயர்ப்பலகையை நான் உரத்து வாசித்தேன். அம்மா வீதியில் நின்று அழுதார். ஏன் அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

இந்த வருடம் நான் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறேன். கணிதம் எனக்கு விருப்பமான பாடம். தங்கள் துண்டை அம்மா என் பழைய கண்ணாடிக் கூட்டுக்குள் இன்னும் வைத்திருக்கிறார். தங்களை வந்து பார்க்க விரும்புகிறோம். எந்த நாள் வசதிப்படும் என்று அறியத் தந்தால் அம்மாவும் நானும் வருவோம்.

இங்ஙனம்,
தங்கள் அன்பு மாணவி,
(வினாவில் தரப்பட்ட பெயர்)

இக்கடிதத்தில் "நன்றி" என்ற சொல் ஓரிடத்திலும் வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? வினா நன்றி தெரிவிக்கச் சொல்லியிருப்பதால் பரீட்சையில் ஒருமுறை அச்சொல்லை இறுதிப் பந்தியில் சேர்த்துக்கொள்வது பாதுகாப்பானது. ஆயினும் அது இல்லாமலே நன்றி விளங்குகிறது. வினாவின் பிற்பகுதியாகவோ தனி வினாவாகவோ ஆசிரியையின் பதிலை எழுதுமாறு கேட்கப்பட்டால், மாணவர் பலர் அறிவுரை மழை பொழிந்துவிடுவர். "நன்றாகப் படி, பெற்றோருக்குக் கீழ்ப்படி, நாட்டுக்கு நற்பிரசையாகு" என்று முடிந்துவிடும். அது எந்த ஆசிரியையும் எந்த மாணவிக்கும் எழுதக்கூடிய பதில். ஜெர்மேன் செய்ததை நினைவிற் கொள்க.

மாதிரிப் பதில்

அன்புள்ள பிள்ளைக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. மூன்று முறை வாசித்தேன். இரண்டாம் வாங்கு என்று எழுதியிருக்கிறாய். அதற்கு முன்னர் நீ கடைசி வாங்கில் இரண்டு கிழமை தனியே இருந்தாய். பார்த்து எழுதுகிறாய் என்று உன்னை அங்கே இருத்தியது நான்தான். அதை நீ எழுதவில்லை. மறந்தாயோ, எனக்காக மறைத்தாயோ தெரியவில்லை.

தனியே இருத்தியபின் உன் கொப்பி வெறுமையாக வந்தது. சோம்பல் என்றே நினைத்தேன். ஆனால் மனக்கணக்குக் கேட்டால் வகுப்பிலே முதலில் உயர்வது உன் கை. மனதில் கணக்குச் செய்யும் பிள்ளை கொப்பியில் ஏன் செய்வதில்லை என்று ஒருநாள் இரவு சமைத்துக்கொண்டிருக்கும்போதுதான் யோசித்தேன். அடுத்த நாளே உன்னைப் பின்னே நடக்கச் செய்தேன்.

அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் முதற் கிழமையில் என் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரையும் பின் சுவரருகே நிறுத்திக் கரும்பலகையை வாசிக்கச் செய்து வந்தேன். உன்னைப் போல இன்னும் மூன்று பிள்ளைகள் அகப்பட்டார்கள். அவர்களுக்கு உன்னைத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே இருப்பேன். அம்மாவுடன் மதியச் சாப்பாட்டுக்கு வா. அந்தத் துண்டையும் கொண்டு வா. என் கையெழுத்து அப்போது எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் ஆசிரியை

இங்கு ஆசிரியை "நீ" என்று எழுதுவது இயல்பே. மாணவி வயதில் மூத்து, திருமணமாகி, உத்தியோகத்தில் இருப்பவராக வினாவில் காட்டப்பட்டிருந்தாலும் "நீ" பொருந்தும். ஆண் மாணவருக்கு எழுதும்போது சில ஆசிரியைகள் "தம்பி" என்று அழைப்பதும் நம்மிடையே வழக்கம். ஆனால் ஒரே கடிதத்தில் "நீ", "நீர்", "நீங்கள்" மூன்றையும் கலக்கக்கூடாது.

மாணவியின் கடிதத்தில் இல்லாத மூன்று செய்திகள் பதிலில் வந்துள்ளன. அவை எவை என்று நீங்களே கண்டு கொப்பியில் குறித்துக்கொள்க. சொல்லளவு 150 எனத் தரப்பட்டிருப்பின் மாதிரிக் கடிதத்தின் முதற் பந்தியையும் இறுதிப் பந்தியையும் சுருக்குக. நடுவில் உள்ள சம்பவத்தில் கை வைக்க வேண்டாம்.

பயிற்சி

1. நீர் தரம் 5 இல் கற்றபோது உமக்குக் கற்பித்து, பின்னர் வேறு மாவட்டத்துக்கு இடமாற்றம் பெற்றுச் சென்று, அங்கேயே ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு ஒரு கடிதம் எழுதுக. ஒரு சம்பவத்தை மாத்திரம் தெரிவுசெய்க.

2. அவ்வாசிரியை உமக்கு எழுதும் பதிலை எழுதுக. நீர் முதற் கடிதத்தில் குறிப்பிட்ட அதே சம்பவத்தை, மேசைக்கு மறுபக்கத்திலிருந்து அவர் கண்டவாறு கூறுக.